மைனர் திரெட் இசைக்குழு: தோற்றமும் ஈர்ப்பும்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக மேடையேறிய மைனர் திரெட் என்னும் இசைக்குழு, 1983 செப்டம்பரில் தன் இறுதி நிகழ்ச்சியை நடத்திக் கலைந்தது. அதன் பதிவுகளைத் திரட்டி 1989இல் வெளியிடப்பட்ட தொகுப்பில் இடம்பெற்றவை 26 பாடல்களே. அனைத்தையும் ஒரு மணி நேரத்திற்குள் கேட்டுவிடலாம். இத்துணைச் சிறிய தொகுதி ஒரு வாழ்க்கைநெறியின் ஊற்றாகக் கருதப்படுவது எங்ஙனம் என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பங்க் இசை 1970களின் இடைப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் செல்வாக்குப் பெற்றது. அதன் வேகத்தைக் கூட்டியும் நீளத்தைக் குறைத்தும் அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய கிளையே ஹார்ட்கோர் பங்க். வாஷிங்டனில் இதற்கு முன்னோடிகள் பேட் பிரெய்ன்ஸ் என்னும் கறுப்பினக் குழுவினர். ஜாஸ் கலப்பிசையிலிருந்து வந்த அவர்களின் வேகமும் துல்லியமும் இளையோர்க்கு அளவுகோலாயின.

மைனர் திரெட்டின் பாடகர் இயன் மெக்காயும் டிரம்ஸ் இசைத்த ஜெஃப் நெல்சனும் முன்னர் டீன் ஐடில்ஸ் என்னும் குழுவில் இருந்தவர்கள். அக்குழு 1980இல் கலிபோர்னியா சென்றபோது, சான் பிரான்சிஸ்கோ அரங்கொன்றில் மது விற்கப்படாத வயதினர் என்பதைக் காட்ட அவர்களின் புறங்கையில் பெருக்கற்குறி இடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் உள்ளூர் அரங்கினரிடம் அதே முறையைக் கையாளுமாறு தாமே வேண்டினர். இசை கேட்க உள்ளே விட்டால் போதும், மது வேண்டா என்பதே அவர்களின் நிலைப்பாடு. விலக்கி வைப்பதற்கான குறி, விரும்பி ஏற்கும் அடையாளமாயிற்று.

அக்குழு நிகழ்ச்சிகளில் ஈட்டிச் சேமித்த ஏறத்தாழ 600 டாலரைக் கொண்டு டிஸ்கார்ட் என்னும் வெளியீட்டகம் தொடங்கப்பட்டது. இசைத்தட்டு உறைகளை அவர்களே கத்தரித்து, மடித்து, ஒட்டினர். பெருநிறுவனத்தின் தயவை எதிர்பாராத இச்செயலே, கேட்ட இளைஞர்க்கு 'நாமும் செய்யலாம்' என்னும் துணிவைத் தந்தது. என் மதிப்பீட்டில், இசையின் ஆவேசத்தைவிட இதுவே நீடித்த ஈர்ப்பு.

குழுவின் பெயரும் நோக்கத்தக்கது. 'மைனர்' என்பது சிறியது, உரிய வயது அடையாதவர் என்னும் இருபொருளும் தரும். தமிழ்த் திரைப்படம் வழி நாம் அறிந்த 'மைனர்', குடியிலும் கேளிக்கையிலும் திளைக்கும் செல்வந்த இளைஞன். இவர்களோ அவனுக்கு நேர்மாறானவர்கள்.

1981இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்னும் பாடல் இடம்பெற்றது. அதன் நீளம் 46 விநாடிகள். போதையில் மூழ்கிய சக இளைஞரிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டும் ஒருவனின் கூற்று அது. பின்னர் எழுந்த இயக்கம் அதன் பெயரையே தாங்கியது.

அதே ஆண்டில் பதிவான 'அவுட் ஆஃப் ஸ்டெப்' பாடலில்தான் சிக்கல் எழுந்தது. விலக்கியவற்றை அடுக்கும் அதன் ஆங்கில எதிர்மறை வினைகள், எழுவாய் தெளிவாக ஒலிக்காவிடில் ஏவலாகவே கேட்கும். தமிழில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. 'குடியேன்' எனின் தன்மை; 'குடியாதே' எனின் ஏவல். வினைமுற்றின் விகுதியே இடத்தை உணர்த்திவிடும். ஆங்கிலத்திலோ 'நான்' என்னும் ஒரு சொல்லே தன்னுரைக்கும் கட்டளைக்கும் இடையே எல்லையாய் நின்றது. பாடல் வரித்தாளில் அச்சொல் பிறைக்கோட்டுக்குள் அச்சிடப்பட்டது. பிறர்மேல் நெறியைத் திணிப்பதாகத் தோன்றலாகாது என்பதில் நெல்சன் உறுதியாக இருந்தார். குழுவினரிடையே நிகழ்ந்த இவ்விவாதத்தை ஓர் இலக்கண விவாதம் எனினும் தகும்.

1983இல் அப்பாடலை மீண்டும் பதிவு செய்தபோது, இவை விதிமுறைகள் அல்ல என்று மெக்காய் இடையில் உரைநடையாகவே பேசிச் சேர்த்தார். ஆனால் அதற்குள் பாஸ்டன் முதலிய நகரங்களில் அந்தப் பெருக்கற்குறியைக் கையில் வரைந்துகொண்ட இளைஞர் சிலர், பிறர் கையிலிருந்த மதுக்கோப்பையைத் தட்டிவிடத் தொடங்கியிருந்தனர்.