புதன்கிழமை காலையில் போப்பாண்டவர்

குடும்பத்தோடு ரோமுக்குப் போகிறவர்கள், நடுவே ஒரு புதன்கிழமை வருமாறு பார்த்துக்கொள்வது நல்லது. போப்பாண்டவர் பொதுமக்களைச் சந்திப்பது வழக்கமாக அன்று காலையில்தான். அனுமதிச் சீட்டு இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்! முந்தின நாள் பிற்பகலில் வத்திக்கானின் வெண்கலக் கதவருகே நிற்கும் சுவிஸ் காவலர்களிடம் கேட்டு வாங்கலாம்.

சந்திப்பு புனித பேதுரு சதுக்கத்தில் நடக்கும். குளிர்காலமென்றால் 1971இல் திறக்கப்பட்ட ஆறாம் பவுல் அரங்கில். சதுக்கத்தில் அவர் முதலில் திறந்த வண்டியில் கூட்டத்துக்கு நடுவே வலம் வருவார். விவரம் தெரிந்தவர்கள் நாற்காலியைத் தேடாமல் தடுப்பு ஓரமாகப் போய் நின்றுகொள்வார்கள். கைக்குழந்தையை நீட்டினால் பாதுகாவலர் வாங்கி வண்டிவரை தூக்கிப்போவதும் உண்டு. பிள்ளை வீறிட்டு அழுதாலும் பெற்றோருக்குச் சிரிப்புத்தான்.

புதுமணத் தம்பதிகளுக்குத் தனி இடமே இருக்கிறது. கல்யாண உடையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் வழங்கும் ஆசி, கையிலுள்ள ஜெபமாலைக்கும் வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்துத்தான்.

ஞாயிறுதான் தோதுப்படுமா? பகல் 12 மணிக்கு வத்திக்கான் மாளிகையின் மேல்மாடி ஜன்னலில் தோன்றி ஜெபம் சொல்வார். அதற்குச் சீட்டே வேண்டாம்.