மைசூர் வட்டாரத்தின் நிலத்தடி நீர்

மைசூர் வட்டாரத்தில் மண்ணுக்கு அடியில் பரந்து கிடப்பது கடினமான நைஸ் பாறையாகும். மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் 1916-இல் இதற்குத் 'தீபகற்ப நைஸ்' எனப் பெயரிட்டார். மணலில் இருப்பவை போன்ற நுண்துளைகள் இப்பாறையில் இல்லை. ஆயினும், வெயிலும் மழையும் பட்டுச் சிதைந்த அதன் மேலடுக்கு மழைநீரைத் தேக்கி வைக்கின்றது. திறந்த கிணறுகளுக்கு நீர் தருவது இவ்வடுக்கே. அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. ஆழம் மிகுந்தோறும் வெடிப்புகள் பெரும்பாலும் அருகிவிடும். அவற்றிற்கும் நீர் மேலடுக்கிலிருந்தே இறங்குகின்றது. ஆகவே, ஆழ்துளைக் கிணறுகளில் அளவின்றி இறைத்தால் அயலிலுள்ள திறந்த கிணறுகளும் வற்றக்கூடும். ஆண்டுதோறும் மே, நவம்பர் மாதங்களில் பள்ளிக் கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை அளந்து குறித்து வருதல் நன்று. மழையால் ஏறியது எவ்வளவு, இறைப்பால் இறங்கியது எவ்வளவு என்பதை அக்குறிப்பே காட்டும்.