பொடுகு ஷாம்புவில் இருக்கும் ஜிங்க் ஆன்டிபயாட்டிக் ஆகுமா? விருதுநகர் ஆய்வு சொல்வது என்ன?

பொடுகுக்காக வாங்கிய ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. பல பிராண்டுகளில் 'ஜிங்க் பைரிதியோன்' என்ற பெயர் இருக்கும். தலையில் பூஞ்சையை அடக்குவது இதுதான். துத்தநாகம் எனப்படும் ஜிங்க், ஒரு கரிம மூலக்கூறோடு சேர்ந்து உருவாவது. பிளஸ் டூ வேதியியலில் 'அணைவுச் சேர்மம்' என்று படித்தோமே, அதே வகை.

தலைக்கு வெளியே வேலை செய்யும் இந்த உத்தி, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாவிடமும் பலிக்குமா?

ஏன் இந்தக் கேள்வி?

பழைய ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கிருமிகள் அடங்க மறுக்கின்றன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றே நேரடிக் காரணமாக 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக, 2022-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதனால்தான் புது மூலக்கூறுகளுக்கு இவ்வளவு தேடல்.

விருதுநகரில் என்ன செய்தார்கள்?

மதுரையிலிருந்து சுமார் 50 கி.மீ. தெற்கே இருக்கிறது விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி. அதன் வேதியியல் துறையைச் சேர்ந்த என்.ராமனும் சக ஆய்வாளர்களும் 'ஷிஃப் காரம்' எனும் மூலக்கூறுகளைத் தயாரித்து, தாமிரம், நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்களுடன் இணைத்தார்கள். அவற்றின் கிருமி எதிர்ப்புத் திறன் குறித்த இவர்களின் கட்டுரை ஒன்று 2001-இல் 'டிரான்சிஷன் மெட்டல் கெமிஸ்ட்ரி' இதழில் வந்தது. தொடர்ந்து இன்னும் பல வந்தன.

சோதனை எளிமையானது. கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, சேர்மத்தை வைப்பார்கள். அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுந்தால், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். உலோகம் சேராத மூலக்கூறைவிட, உலோகம் சேர்ந்த அணைவு நன்றாக வேலை செய்கிறது என்பது இந்த வகை ஆய்வுகளில் அடிக்கடி வரும் முடிவு.

எப்படி வேலை செய்கிறது?

ஜிங்க் அயனிக்கு நேர்மின்னூட்டம் உண்டு. பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வு அதைச் சுலபமாக உள்ளே விடாது. கரிம மூலக்கூறு ஜிங்க்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் அந்த மின்னூட்டம் பகிரப்பட்டுக் குறைகிறது. கொழுப்பில் கலக்கும் தன்மை கூடுகிறது. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தூறலைக் கடப்பது மாதிரி, சவ்வைத் தாண்டிவிடலாம். வேதியியலாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம் இது.

ஆனால், கிருமிக்கும் ஜிங்க் ஆயுதம்தான்!

2010-இல் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த ஆய்வு, சென்னை உள்ளிட்ட இடங்களில் எடுத்த மாதிரிகளில் 'என்டிஎம்-1' நொதி கொண்ட பாக்டீரியா இருப்பதைக் காட்டியது. அதன் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கட்டத்தில் கொடுக்கப்படும் கார்பபெனெம் மருந்துகளையே உடைத்துப்போடும் நொதி அது. அதன் மையத்தில் இருப்பவை இரண்டு ஜிங்க் அயனிகள். ஆக, 'ஜிங்க் என்றாலே கிருமிக்கு எதிரி' என்று சொல்லிவிட முடியாது. அது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

மாத்திரையாக எப்போது வரும்?

தட்டில் வட்டம் விழுவது முதல் படி மட்டுமே. ரத்தத்தில் அணைவு உடையாமல் இருக்குமா, மனித செல்லையும் சேர்த்துக் கொல்லுமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பிறகு விலங்குச் சோதனை, மனிதர்களிடம் பல கட்டச் சோதனை.

பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த பொருளுக்கே கேள்விகள் வரும். கருவைப் பாதிக்கலாம் என்ற வகைப்பாட்டில் சேர்ந்ததால், 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அழகு சாதனப் பொருட்களில் ஜிங்க் பைரிதியோனைத் தடை செய்தது. கழுவிவிடும் ஷாம்புவில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்று அங்குள்ள அறிவியல் குழு 2020-இல் சொல்லியிருந்தும் இந்த நிலை.

அதுவரை நாம் செய்ய வேண்டியது?

கொரோனா காலத்தில் ஜிங்க் மாத்திரையைத் தேடித் தேடி வாங்கியது நினைவிருக்கும். அது சத்து மாத்திரை, ஆன்டிபயாட்டிக் அல்ல. நீண்ட நாள் அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பில் தாமிரம் குறையும். காய்ச்சல் வந்தால் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்குவதையும் நிறுத்துங்க. புது மருந்து வர வருஷங்கள் ஆகும். கையில் இருக்கும் மருந்து அதுவரை வேலை செய்தாக வேண்டும்.