பட்டன் அழுத்தியும் அசையவில்லையா? முதலில் பணத்தைப் பாருங்கள், பிறகு பிரவுசரை!

விண்ணப்பிக்கக் கடைசி நாள். கட்டங்களையெல்லாம் நிரப்பியாயிற்று. ‘கட்டணம் செலுத்து’ பட்டனை அழுத்தினால் பக்கம் அப்படியே நிற்கிறது. இல்லாவிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது மூன்று காரியங்கள்: மறுபடி மறுபடி அழுத்துவது, ‘பேக்’ போய் முதலிலிருந்து தொடங்குவது, கூகுளில் உதவி எண் தேடுவது. பட்டன் வேலை செய்யாததால் மட்டும் பணம் பறிபோவதில்லை. பெரும்பாலும் இந்த மூன்றினால்தான் பறிபோகிறது.

முதல் வேலை: பணம் போயிற்றா?

திரை அசையவில்லை என்பதால் பணம் போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் கோரிக்கை வங்கிக்குப் போய், திரும்பி வரவேண்டிய பதில் மட்டும் வழியில் நின்றிருக்கலாம். வங்கிக் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் கணக்கு விவரத்தைத் திறந்து பாருங்கள். விண்ணப்பத் தளத்தில் கட்டண நிலையைச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் கழிக்கப்படவில்லை என்று தெரிந்த பிறகே மறுமுறை முயலுங்கள்.

ஏன் அசைவதில்லை?

இணையப் பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் ஒரு கோப்பில் வரும். பட்டனை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பெரும்பாலும் தனிக் கோப்பாக வரும். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால், சுவரில் சுவிட்ச் இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. இணைய வேகம் குறைவு, பழைய கோப்பையே பிரவுசர் சேமித்து வைத்திருப்பது, விளம்பரத் தடுப்பான் தேவையான கோப்பையும் சேர்த்துத் தடுப்பது என இதற்குக் காரணங்கள் பல.

நம் வாசகர்களுக்கென்றே ஒரு காரணம் உண்டு. ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் காட்டவா என்று குரோம் கேட்கிறது. நாமும் சரி என்கிறோம். அப்போது எழுத்தோடு பக்கத்தின் உள்ளமைப்பும் மாறுகிறது. பழைய அமைப்பை நம்பி எழுதப்பட்ட நிரல் தடுமாறி, பட்டன் செயலற்றுப் போவதுண்டு. தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். படிவத்தை நிரப்பும் முன் மூல மொழிக்குத் திரும்பிவிடுங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள். உறுதிமொழிக் கட்டத்தில் டிக் விடுபட்டிருக்கலாம். புகைப்படத்தின் அளவு கூடியிருக்கலாம். எச்சரிக்கை பெரும்பாலும் பொடி எழுத்தில், திரைக்கு வெளியே, மேலே எங்கோ நிற்கும். பட்டன் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரிந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டம் நிரம்பவில்லை என்று பொருள்.

2. குக்கீ அனுமதிப் பட்டையோ அரட்டைப் பெட்டியோ பட்டனை மறைத்திருந்தால் மூடுங்கள். கணினியில் கன்ட்ரோலுடன் பூஜ்யத்தை அழுத்தினால் பக்கம் இயல்பு அளவுக்கு வரும். மவுஸ் பலிக்காதபோது டேப் விசையால் பட்டன்வரை நகர்ந்து என்டர் தட்டிப் பாருங்கள்.

3. கட்டணப் பக்கம் புதிய ஜன்னலில் திறப்பதாக இருந்தால், பாப்-அப் தடுப்பு அதை நிறுத்தியிருக்கலாம். முகவரிப் பட்டையின் ஓரத்தில் சிறு அடையாளம் தெரியும். அதைத் தொட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

4. நிரப்பியதைச் சேமித்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பழைய கோப்பை விட்டுவிட்டுப் பக்கம் புதிதாக இறங்கும்.

5. இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். பிரவுசரில் நாம் சேர்த்த துணைச் செயலிகளான எக்ஸ்டென்ஷன்கள் அதில் பொதுவாக இயங்காது. அங்கே பட்டன் வேலை செய்தால், கோளாறு உங்கள் எக்ஸ்டென்ஷனிலோ சேமித்த கோப்பிலோதான். சேமித்த கோப்புகளை அழிக்கும்போது கேச், குக்கீ இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொற்களில் டிக் வேண்டாம்.

6. வேறு பிரவுசர், வேறு இணைப்பு என மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்கு குரோம் 109தான் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. புதிய தளங்கள் அங்கே மக்கர் செய்தால் வியப்பில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அசையாவிட்டால், கோளாறு பெரும்பாலும் தளத்துடையது.

இங்கேதான் வலை விரிக்கிறார்கள்

தேடலில் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் போலிகள் உண்டு. பேசுபவர் நயமாகப் பேசி, எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் போன்ற செயலியை நிறுவச் சொல்வார். நிறுவி அனுமதித்தால், உங்கள் திரையில் வரும் ஓடிபி அவருக்கும் தெரியும். உதவி எண்ணை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ வங்கி அட்டையின் பின்புறத்திலோ மட்டும் பாருங்கள்.

‘பக்கம் இயங்க பிரவுசரை அப்டேட் செய்யுங்கள்’ என்று பக்கத்துக்குள்ளேயே தோன்றும் அறிவிப்பையும் நம்பாதீர்கள். புதுப்பிப்பதை பிரவுசரின் சொந்த மெனு வழியாகவே செய்யுங்கள். இன்னொரு வகை மோசடி, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லி விண்டோஸ் விசையுடன் ஆர், பிறகு கன்ட்ரோலுடன் வி, பிறகு என்டர் என்று அழுத்த வைக்கும். பக்கம் ரகசியமாக நகலெடுத்து வைத்த கட்டளையை நம் கையாலேயே ஓட்டவைக்கும் தந்திரம் இது. சேமித்த கடவுச்சொற்கள் திருடுபோகும். உண்மையான கேப்சா எதுவும் இப்படிக் கேட்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, இணையத்தில் கார்டு மூலமோ யுபிஐ மூலமோ வணிகருக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிக்கப்பட்டு, வணிகருக்கு உறுதிப்படுத்தல் போகாவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகாருக்குக் காத்திராமல் இதை வழங்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது.

பணம் திரும்பி வராவிட்டால் முதலில் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. மோசடியில் பணம் போனால் உடனே 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

சில பட்டன்கள் வேண்டுமென்றே அசையாது. சந்தாவில் சேர ஒரே அழுத்து. வெளியேறும் வழியோ ஒளிந்திருக்கும். 2023 நவம்பரில் வந்த மத்திய வழிகாட்டு நெறிமுறைகள் இத்தகைய 13 தந்திரங்களைத் தடை செய்துள்ளன. சந்தாப் பொறியும் அதில் ஒன்று. நுகர்வோர் உதவி எண் 1915. இன்னொரு பக்கம், மவுஸைப் பயன்படுத்த முடியாத மாற்றுத்திறனாளிக்கு, விசைப்பலகைக்கு அசையாத பட்டன் மூடிய கதவு. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது.

புகார் எதுவானாலும் ஆதாரம் வேண்டும். தேதி, நேரம், தள முகவரி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவையுங்கள். கடைசி நேரம் முடியுமுன்பே, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அவற்றை அனுப்பிவிடுங்கள். கெடு முடிந்தபின் சொல்லும் நூறு காரணத்தைவிட, கெடுவுக்குள் அனுப்பிய அந்த ஒரு மின்னஞ்சலுக்கே மதிப்பு அதிகம்.