அவனிலிருந்து அதுவுக்கு: ஒரு நாயின் மரணத்தை முடிவுசெய்வது குறித்து

மணி எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தான். 'இருந்தான்' என்று எழுத இலக்கணத்தில் இடமிருக்கிறது. உயர்திணை, அஃறிணை என்று உலகத்தை இரண்டாக வகுத்துக்கொண்டுதான் தொல்காப்பியம் தன் சொல்லதிகாரத்தையே தொடங்குகிறது. நாய் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நன்னூல் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு இவை காரணமாகத் திணை மாறிப் பேசினால் அது வழுவாகாது. பசுவை அம்மை என்று சொல்லி, அவள் வந்தாள் என்பது உவப்புக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம். அதாவது பிரியத்தின் பேரில் வழங்கப்படும் குடியுரிமை இது. வழங்கியவர்களே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

அது திரும்பப் பெறப்பட்ட இடம் ஒரு கால்நடை மருத்துவரின் அறை. 'அதுக்கு இனிமே கஷ்டம்தான் சார். ஊசி போட்டுரலாமான்னு நீங்கதான் சொல்லணும்' என்றார் மருத்துவர். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே மூச்சில் நாய் 'அது'வாகிறது, நான் 'நீங்கதான்' ஆகிறேன். அவன் திணையிறங்க, நான் அதிகாரத்துக்கு ஏற்றப்படுகிறேன். இவ்விரண்டு நகர்வுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நோயைச் சொல்லிவிடலாம். நாய் வளர்ப்பவர்களில் பலர் இதை மிகத் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் மோசமான விஷயம் அது சத்தமில்லாமல் வருவது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளில் ஏறக்குறைய முக்கால்வாசி பழுதான பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் உயர்ந்து காட்டும். அதற்கு முன்பே நாய் அதிகம் தண்ணீர் குடிக்கும், அதிகம் மூத்திரம் போகும். நாமோ 'வெயில் ஜாஸ்தி' என்று சொல்லிக்கொண்டிருப்போம். பிறகு வாயில் ஒரு நாற்றம், ஈறில் புண், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுப்பது. ரத்தம் ஊறச் செய்யும் சுரப்பைத் தருவதும் சிறுநீரகமே என்பதால் ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். கிரியாட்டினின் 5ஐத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நான்காம், அதாவது கடைசிக் கட்டம் என்கிறார்கள். மணிக்கு 7.8. இதைக் குணப்படுத்த முடியாது. தோலுக்கடியில் சலைன் ஏற்றலாம், வாந்திக்கு மருந்து தரலாம், உப்பும் புரதமும் குறைத்த சோறு போடலாம். இவையெல்லாம் நாட்களைத் தரும். அவை எப்படிப்பட்ட நாட்கள் என்பதுதான் கேள்வி.

ஐந்து வாரம் நானே பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி செருகி சலைன் ஏற்றினேன். முதல் வாரம் கை நடுங்கியது. மூன்றாவது வாரம் பாட்டிலைப் பார்த்ததும் மணி கட்டிலுக்கடியில் போய்விட்டான். பன்னிரண்டு வருடம் என் செருப்புச் சத்தத்துக்கு ஓடி வந்தவன், என் கையைப் பார்த்துப் பயந்தது அப்போதுதான்.

இந்தக் கட்டத்தில்தான் மொழி உதவிக்கு வருகிறது, அல்லது வருவதுபோல் நடிக்கிறது. 'தூங்க வச்சிரலாம்' என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த நாசூக்கு. 'ஊசி போடுறது' என்பது செயலை மட்டும் சொல்லி விளைவை விழுங்கிவிடுகிறது. 'கருணைக்கொலை' என்ற சொல் மட்டும் 'கொலை'யை மறைக்காமல் வைத்திருக்கிறது. மற்றவற்றை விட அதுவே எனக்கு நேர்மையாகப் படுகிறது. கொல்கிறோம் என்பதை ஒத்துக்கொண்டால்தான் கருணையா என்ற விசாரணையே தொடங்க முடியும்.

பழைய இறையாண்மையின் உரிமை உயிரைப் பறிப்பது அல்லது வாழ விடுவது. நவீன அதிகாரமோ வாழ்வைப் பேணுகிறது, அல்லது சாக விடுகிறது. 1976இல் ஃபூக்கோ செய்துகாட்டிய வேறுபாடு இது. நோயுற்ற நாயின் சொந்தக்காரன் இரண்டுமாக இருக்கிறான். காலையில் சலைன் ஏற்றும் செவிலி, மாலையில் தீர்ப்பு எழுத வேண்டிய ராஜா. நம் சட்டமும் இந்த இரட்டை நிலையில்தான் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் தடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் விலங்கைக் கொல்வதைத் தண்டிக்கும் பிரிவோ, இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது போலவே 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவிலும் (பிரிவு 325) சொத்துக்கெதிரான குற்றங்கள் என்ற அத்தியாயத்தில்தான் இருக்கிறது. வலியுணரும் உயிர், அதே சமயம் மேசை நாற்காலி. மனிதர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலும், பிறகு 2018இலும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதற்கு நிபந்தனைகளோடு இடம் கொடுத்தது. ஊசி போட்டுக் கொல்வதற்கு இடமில்லை. ஆக, என் அம்மாவுக்குச் செய்தால் குற்றமாகிற ஒன்று மணிக்குச் செய்தால் கருணையாகிறது. நாய்க்குக் கிடைக்கும் சலுகையா இது, அதன் உயிர் மலிவு என்பதன் அடையாளமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தத்துவவாதிகளிடம் போனால் ஆறுதல் குறைவு. விலங்குக்கு உலகம் ஏழ்மைப்பட்டது என்றார் ஹைடெக்கர், 1929-30இன் விரிவுரைகளில். மனிதன்தான் மரிக்கிறான், விலங்கு வெறுமனே முடிந்துபோகிறது என்பது அவர் பிற்காலத்திலும் விடாத கருத்து. லெவினாஸ் கொஞ்சம் நெருங்கி வருகிறார். நாஜி ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்தபோது, வேலைக்குப் போய்த் திரும்பும் யூதக் கைதிகளை மனிதர்களாக மதித்துக் குரைத்து வரவேற்ற பாபி என்ற தெருநாயைப் பற்றி 1975இல் எழுதினார். நாஜி ஜெர்மனியின் கடைசிக் கான்ட்டியவாதி என்று அதற்குப் பட்டமும் கொடுத்தார். ஆனால் விதிகளைப் பொதுமைப்படுத்தும் மூளை அதற்கில்லை என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார். மகாபாரதத்திலும் இதே கதிதான். நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்கிறான் தருமன். அபாரமான இடம். உடனே நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது. நாய் நாயாகவே உள்ளே போக முடியவில்லை. இவர்கள் எல்லோருக்கும் நாய் தேவைப்படுகிறது, மனிதனைப் பற்றி ஏதாவது சொல்வதற்கு. வாய்ப்புண்ணோடு கட்டிலுக்கடியில் கிடக்கிற நாய்க்கு இதனால் ஒன்றுமில்லை. (நானும் இங்கே அதையேதான் செய்கிறேன் என்று வாசகர் சொல்லலாம். மறுக்க மாட்டேன்.)

எனக்கு உண்மையில் உதவியது ஒரு மதிப்பெண் பட்டியல். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் உருவாக்கியது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டுத்தொகை 35க்கு மேலிருந்தால் தொடரலாம். பரீட்சைத்தாள் மாதிரி இருக்கிறதே என்று முதலில் எரிச்சல் வந்தது. பாசத்தைக் கணக்காக்கும் நிர்வாகச் சொல்லாடல் என்று ஒரு பத்தி எழுதவும் முடியும். ஆனால் வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள். நாமோ வாலின் ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிடுவோம். ஏழாவது கேள்விதான் என்னைப் பிடித்தது. சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் 'நல்லது', 'கெட்டது' என்று எழுதத் தொடங்கினேன். பதினான்கு தாள்களில் மூன்று நல்லது. அதிலொன்று, அவன் ரெண்டு துண்டு பிஸ்கட் தின்ற நாள்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'நாம யாருப்பா அத முடிவு பண்றதுக்கு? தானா போகட்டும்.' தானாகப் போவது என்பதும் ஒரு முடிவுதான், யுரீமியா ஏறி வலிப்பு வந்து இரண்டு மூன்று நாள் கிடந்து போவதை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. நான் சொன்னது சரிதான், சொன்ன விதம் சரியில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மாதம் எட்டாயிரம் ரூபாய் ஆனது. 'அவனுக்காக' எடுத்த முடிவில் அந்த எட்டாயிரமும் இருந்தது. முடிவெடுக்கும் வேதனையே ஒரு வசதிதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை இதே சென்னையில் மாநகராட்சி பிடித்துப்போன தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். அவற்றுக்கு எந்த இலக்கணமும் சன்னல் திறக்கவில்லை.

கடைசிக் காரியத்தில் நடப்பதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் சொல்கிறேன். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் தலை சாயும். பிறகு நரம்பில் மிகை அளவு மயக்க மருந்து. மூச்சு நிற்கும், பிறகு இதயம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள். கண் மூடாது. மூத்திரம் போகலாம். நின்ற பிறகும் ஒருமுறை இருமுறை மூச்சிழுப்பு போலத் தசை துடிக்கும். அது வலியல்ல, உயிர் மீள்வதுமல்ல. தெரியாததால் நான் 'இருக்கான், இன்னும் இருக்கான்' என்று கத்திவிட்டேன். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா அவன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வர மாட்டேன் என்றவள், ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தது அவள்தான்.

ஒப்புதல் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் பிரிக்காத சலைன் பாட்டில்கள் மிச்சமிருந்தன. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தபோது கம்பவுண்டர் எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார். வெளியே பெஞ்சில் ஒரு பெண் மடியில் துண்டு சுற்றிய நாயோடு உட்கார்ந்திருந்தாள். 'எத்தனை நாளா சாப்பிடல?' என்று அவளிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.