குழாய்க்கும் வயதாகிறது

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் குடிநீர்த் திட்டங்களை வடிவமைத்துக் கட்டும் பணியைப் பெரும்பாலும் 1971இல் அமைக்கப்பட்ட குடிநீர் வடிகால் வாரியம் போன்ற அரசு அமைப்புகள் ஏற்கின்றன. ஊருக்குள் கட்டப்பட்டதை நாள்தோறும் இயக்கிப் பராமரிக்கும் பொறுப்போ ஊராட்சியைச் சேர்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் குடிநீரையும் சேர்த்தது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீரை வீட்டுக் குழாயிலேயே தருவதை இலக்காக வைத்தது. இவ்வாறு கட்டுவதற்கு நிதி கிடைத்துவிடுகிறது. திறப்பு விழாவுக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளுக்கு யார் கணக்கு வைப்பது என்பதில்தான் நிருவாகம் தடுமாறுகிறது.

1,800 பேர் வாழும் ஓர் ஊருக்கு மேற்கண்ட அளவின்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தேவை. அந்நீரை ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை மொத்தம் 60 மீட்டர் ஏற்ற வேண்டுமெனில், இயற்பியல் கணக்குப்படி 16 யூனிட் மின்சாரம் போதும். ஆனால் பம்பும் மோட்டாரும் சேர்ந்து 50 சதவீதத் திறனுடன் இயங்குவதாகக் கொண்டால் 33 யூனிட் செலவாகும். நீர்மட்டம் மேலும் 30 மீட்டர் இறங்கினால் அதே நீருக்கு 49 யூனிட் வேண்டும். தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறையாக இருப்பதால், பாறை வெடிப்புகளில் தங்கும் சிறிதளவு நீர் கோடையில் விரைந்து இறங்குகிறது. நீரின் அளவு மாறாதபோதும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனால், கிணறு வற்றத் தொடங்கியதையோ பம்பு தேய்ந்ததையோ அந்த ரசீதே முதலில் தெரிவிக்கும். ஆயினும் பல அலுவலகங்களில் அது செலுத்த வேண்டிய தொகையாக மட்டுமே பார்க்கப்படுகிறது.

கசிவும் இத்தகையதே. ஏற்றிய நீரில் 30 சதவீதம் வழியிலேயே மண்ணுக்குள் போகுமானால், 60 மீட்டர் உயரத்துக்கே 33 யூனிட்டுக்குப் பதில் 47 யூனிட் செலவாகிறது. அதைவிடப் பெரிய கேடு வேறொன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் விடும் ஊர்களில், நீர் நின்றபின் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே நுழையக்கூடும். வீட்டுக்காரர்கள் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும்போது இந்த ஆபத்து மிகுகிறது. இதனால்தான் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்தால் போதாமல், கடைக்கோடி வீட்டின் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கிறதா எனச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

பொறியியல் கையேடுகள் மோட்டாருக்கும் பம்புக்கும் 15 ஆண்டுகளையும், பகிர்மானக் குழாய்களுக்கு 30 ஆண்டுகளையும் வடிவமைப்புக் காலமாகக் கொள்கின்றன. ஒரு பொருள் பயன்பாட்டால் ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பைத் தேய்மானம் என்பர். எடுத்துக்காட்டாக, 450 வீடுகள் உள்ள ஊரில் மோட்டாரின் விலை ஒன்றரை லட்சம் ரூபாய் எனில், ஆண்டுத் தேய்மானம் 10,000 ரூபாய். வீட்டுக்கு மாதம் 2 ரூபாய்கூட ஆகாது. குழாய்களின் மதிப்பு 60 லட்சம் எனில் ஆண்டுக்கு 2 லட்சம், அதாவது வீட்டுக்கு மாதம் 37 ரூபாய். மோட்டாரின் காயில் எரிந்தால் காலிக்குடங்களுடன் சாலை மறியல் நடக்கும், ஆகவே ஊராட்சி எப்படியேனும் பணம் புரட்டிவிடும். குழாய் இற்றுப்போவதற்கு மறியல் கிடையாது; பெருஞ்செலவு மறைந்திருப்பதோ அங்கேதான்.

மாதக் குடிநீர்க் கட்டணம் இந்தத் தேய்மானத்தைக் கருதி நிர்ணயிக்கப்படுவது அரிது. உயர்த்தினால் வாக்கு போகும் என்ற அச்சம் தலைவர்களுக்கு இயல்பே. குழாயில் சீராக நீர் வராத வீட்டினர் கட்ட மறுப்பதும் நியாயமே. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கியது பெரும் துணைதான். எனினும் ஐந்தாண்டு மானியத்தை நம்பி முப்பதாண்டுச் சொத்தைக் காப்பது இயலாது. வறிய வீடுகளுக்குச் சலுகை தந்து, எஞ்சியோரிடம் பெறுவதில் ஒரு பகுதியை மாற்றுநிதியாகத் தனிக்கணக்கில் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. அந்த வரவு செலவு கிராம சபையில் வாசிக்கப்படுமானால் உயர்வுக்கான எதிர்ப்பும் தணியக்கூடும்.

நிதிக்கு நிகராகக் காக்க வேண்டியது தொட்டி இயக்குநரின் அறிவு. எந்த கேட் வால்வு எந்தத் தெருவுக்கு உரியது, பழைய குழாய் எங்கே புதைந்துள்ளது என்பன பல ஊர்களில் குறைந்த ஊதியம் பெறும் அந்த ஒருவரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர் பணியில் இருக்கும்போதே தெருத்தெருவாக நடந்து வரைபடம் தயாரித்து, மாதந்தோறும் நீர்மட்டம், மோட்டார் ஓடிய நேரம், மின் யூனிட், உடைப்பு நேர்ந்த இடம் ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதிவந்தால், அடுத்து எந்தத் தெருவின் குழாயை மாற்றுவது என்பதைப் புகாரின் உரப்பைக் கொண்டன்றி உடைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவுசெய்ய முடியும்.