மழை வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சலா?

மும்பையில் அடைமழை பெய்தால் சயான், குர்லா பக்கம் தண்டவாளங்கள் நீரில் மூழ்குவதும், மின்சார ரயில் நின்றுபோக ஜனங்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு சேர்வதும் வழக்கமாகிவிட்ட காட்சி. வீடு வந்ததும் காலைக் கழுவுவார்கள், மறுநாள் வேலைக்குப் போவார்கள், நடந்ததை மறந்தும்விடுவார்கள். அந்த மறதியில்தான் அபாயம் இருக்கிறது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பின் நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ என்ற எலிக் காய்ச்சல் நோயாளிகள் ஏராளமாக வந்து சேர்ந்தனர்.

எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரில் உள்ள கிருமி, தேங்கிய நீரில் கலக்கிறது. காலில் ஒரு சிறு கீறலோ வெடிப்போ போதும், உள்ளே புகுந்துவிடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் குளிர் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றும். பலருக்கு இதோடு போய்விடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

சிலருக்கோ நோய் முற்றுகிறது. காமாலை கண்டு, சிறுநீர் குறைந்து, மூச்சுத் திணறுகிறது. இத்தகையோரைத்தான் ‘ஐ.சி.யு.’வில் சேர்க்கிறார்கள். அங்கே சிறுநீரகத்தின் வேலையை டயாலிசிஸ் இயந்திரமும், மூச்சு விடும் வேலையை வென்டிலேட்டரும் ஏற்றுக்கொள்கின்றன. கிருமியை ஒழிக்கப் பென்சிலின் போன்ற மருந்துகளை ஊசி மூலம் செலுத்துகிறார்கள்.

காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் கண்டவர்களில் 100க்கு 5 முதல் 15 பேர் வரை இறக்கிறார்கள் என்பது மருத்துவக் கணக்கு. நுரையீரலில் ரத்தம் கசிந்தாலோ, பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை. ஆகவே, எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பதே முக்கியம்.

ஆறுதலான விஷயமும் உண்டு. பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆயுள் முழுதும் டயாலிசிஸ் தேவைப்படுவது அபூர்வம். இதை அறியாமல், “மிஷின் வைத்துவிட்டார்கள், இனி ஊருக்கே கொண்டு போய்விடுவோம்” என்று உறவினர் பதறுவது தவறு. திருநெல்வேலிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். நோய் முற்றியவருக்கு அந்தப் பயணமே எமனாகலாம்.

படுக்கையருகே செல்பவர் கையை சோப்புப் போட்டு நன்கு கழுவ வேண்டும். குழாய்களைத் தொடக்கூடாது. பலவீனப்பட்ட உடலில் வேறொரு கிருமியும் சேர்ந்தால் மீட்பது கடினம்.

செய்ய வேண்டியது

வெள்ளத்தில் நடக்க நேர்ந்தவர்கள் 72 மணி நேரத்திற்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பெற்றுக்கொள்ளுமாறு மாநகராட்சி மழைக்காலங்களில் அறிவுறுத்துகிறது. மாநகராட்சி டிஸ்பென்சரிகளிலேயே கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து வேறுபடும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கலாகாது.

பிறகு காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போகக்கூடாது. ஒரு நாள் சம்பளம் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். டாக்டர் கேட்காவிட்டாலும், “மழைத் தண்ணீரில் நடந்தேன்” என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தி தெரியாதவர், தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நல்லது. அந்த ஒரு வார்த்தை டாக்டரின் காதில் விழுந்தால், ஓர் உயிர் தப்பக்கூடும்.